எத்திராஜ் உடைத்த பூட்டு

1

போன வாரம் என் தங்கை மார்த்தாவிடமிருந்து கடிதம் வந்தது. நீல நிற ஏர்மெயில் தாளில் மடிப்பு ஓரம்வரை இடம் விடாமல் எழுதுவது அவள் வழக்கம். அவள் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியது, சர்ச்சில் புதுப் போதகர் வந்தது ஆகிய செய்திகளுக்கு நடுவே இந்த வரிகள் இருந்தன.

"எத்திராஜ் அண்ணனுக்குத் தாசில்தார் உத்தியோகம் ஆயிடுச்சு. வேற ஜில்லாவுக்குப் போறாங்க. நம்ம காலனியில வழியனுப்பு விழா வைக்கிறோம். சின்னதா ஒரு மலர் அச்சடிக்கிறாங்க. வெள்ளத்தப்போ அவங்க செஞ்சதைப் பத்தி நீ ஒரு பக்கம் எழுதி அனுப்பு. கூட வேலை பார்த்தவன் நீதானே. நீ எழுதினாத்தான் பொருத்தமா இருக்கும்."

ஐந்து நாளாக எழுதிப் பார்க்கிறேன். 'எத்திராஜ் ஒரு நல்ல மனிதர்' என்று தொடங்குகிறேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எனக்கு அவன்மேல் பொறாமை. இன்று நேற்றல்ல, பன்னிரண்டு வருஷமாக. கடல் தாண்டி வந்தும் அது என்னோடு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் அந்தப் பக்கம் முழுவதும் பொய்யாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு பக்கத்தில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

என்னை அறியாதவர்களுக்காக: என் பெயர் சாமுவேல். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, ஓரிக்கையை ஒட்டிப் பாலாற்றங்கரையில் இருந்த காலனியில் பிறந்தவன். ஊரார் அதைச் சேரி என்பார்கள், நாங்கள் காலனி என்போம். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தேன். இப்போது கனடாவின் நடுப்பகுதியில், கண்ணுக்கு எட்டியவரை மேடு பள்ளம் இல்லாத கோதுமைச் சமவெளியில், ஒரு சிற்றூரில் இருக்கிறேன். என் மனைவி கிரேஸ் இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்து வந்தோம். நான் கூட வந்தவன்.

2

காலை ஆறரைக்குக் கிரேஸ் டியூட்டிக்குப் போய்விடுவாள். எங்கள் மகள் எஸ்தருக்குப் பத்து வயது. அவளுக்கு மதியச் சாப்பாடு கட்டுவது என் வேலை. எலுமிச்சைச் சாதம் வைத்தால் திரும்பி வரும். பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். ரொட்டித் துண்டுக்கு நடுவே சீஸ் வைத்துக் கொடுத்துவிட்டு, முழங்கால்வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு டவுன் ஆபீசுக்கு நடப்பேன். அங்கே நான் கிளார்க். கடல் கடந்தும் நாற்காலி மாறவில்லை.

இந்த ஊருக்கும் ஓர் ஆறு இருக்கிறது. ஆறு மாதம் உறைந்து கிடக்கும். ஏப்ரலில் பனி உருகும்போது, உடைந்த பனிப்பாளங்கள் வளைவில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஊருக்குள் ஏறும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வசந்தத்திலேயே அவசரக் கமிட்டி கூடியது. நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னை உட்கார வைத்தார்கள். ஆற்றின் உயரத்தை ஒருவர் சொன்னதும் பழைய பழக்கத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"கலெக்டருக்குத் தகவல் கொடுத்தாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

மேயர் வால்ட்டர் நிமிர்ந்து பார்த்தார். டிராக்டர் விற்கிற மனிதர், பெரிய கை, மெல்லிய குரல். "அவன் வியாழக்கிழமைதான் வருவான் சாம்," என்றார். "ஏன், குப்பை நிறையச் சேர்ந்துவிட்டதா?"

இந்த ஊரில் கலெக்டர் என்றால் குப்பை எடுக்கிறவர். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குள் நான் வளர்ந்த ராஜாங்கம் முழுவதும் இருந்தது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது.

இங்கே வெள்ளமோ தீயோ வந்தால் முதல் பொறுப்பு ஊருக்கு. ஊரால் முடியவில்லை என்றால் மாகாணத்தைக் கேட்கும். மாகாணத்தாலும் முடியாவிட்டால் அது மத்திய அரசைக் கேட்கும். ராணுவத்து லாரிகூட, மாகாணம் வாய்விட்டுக் கேட்டால்தான் உள்ளே வரும். கீழே இருப்பவன் கேட்காமல் மேலே இருப்பவன் வருவதில்லை. நம் நாடும் ராஜ்யங்கள் சேர்ந்த நாடுதான். வெள்ளம் அங்கேயும் ராஜ்யத்தின் பொறுப்புதான். ஆனால் எங்கள் ஆபீசில் நான் கற்றது வேறு. மேலே இருப்பவர் சொல்லாமல் கீழே இருப்பவன் நகரக்கூடாது.

அன்று வால்ட்டர் முன்னால் அரைப்பக்கத் தாள் ஒன்றை வைத்தார்கள். ஊரில் நெருக்கடி நிலை என்று அறிவிக்கும் தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், ஒரு முறை படித்தார், கையெழுத்துப் போட்டார், இன்னொரு கப் காபி கேட்டார். அவ்வளவுதான். யாருக்கும் தந்தி போகவில்லை. எந்தக் கோப்பும் மேலே ஏறி இறங்கவில்லை. டிராக்டர் விற்கிறவருக்கு அந்த உரிமை இருந்தது. நான் பொறாமையில் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

பாலாறு மைசூர் ராஜ்யத்தில் பிறக்கிறது. ஆந்திரத்தைத் தொட்டுவிட்டு நம் பக்கம் வருகிறது. அங்கே மழை பெய்தால் அந்தச் செய்தி அந்தந்தத் தலைநகருக்குப் போய், அங்கிருந்து நம் தலைநகருக்கு வந்து, ஜில்லாவுக்கு இறங்கி, தாலுகாவுக்கு வரும். அப்படித்தான் வர முடியும். ஆற்றுக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது, நேராக வரும்.

அது ஐப்பசி. மூன்றாவது நாளாக மழை. தாசில்தார் தெற்குப் பக்கம் ஏரி உடைப்பைப் பார்க்கக் கேம்ப் போயிருந்தார். வழியில் சாலை அறுந்துவிட்டது. தலைமை எழுத்தர் மகள் கல்யாணத்துக்கு லீவு. ஆபீசில் டெலிபோனுக்கும் தந்திப் பதிவேட்டுக்கும் பொறுப்பாக இருந்தவன் நான். காலை எட்டு மணிக்குப் போலீஸ் வயர்லெஸ் மூலம் தகவல் வந்தது. மேலே அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் வருகிறது, உச்சிப் பொழுதுக்குள் உங்கள் பக்கம் வந்துவிடும் என்று. மேல்பக்கத்தில் அந்த மழை பெய்து இரண்டு நாளாகியிருந்தது.

ஒன்பதரைக்கு எத்திராஜ் வந்தான். அவன் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் அடங்கிய பிர்க்காவின் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். என் வயதுதான். ஓரிக்கைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்ட என் மேஜை முன்னால் நின்றான்.

"சாமுவேலு, ஆறு கரைய ஒட்டி ஓடிக்கினு இருக்குது. காலனி ரொம்ப நேரம் தாங்காது. மேட்டுல பள்ளிக்கூடம் இருக்குது, ஆனா பூட்டிக் கிடக்குது. மேனேஜரு ஆர்டர் இல்லாம சாவி தர மாட்டேன்றாரு."

"ஏன் மாட்டேங்கிறார்?"

அது கேட்கத் தேவையில்லாத கேள்வி.

"காலனி ஜனங்கள உள்ள வுட்டா நாளைக்கு ஊர்ல யாரும் புள்ளைங்கள அனுப்ப மாட்டாங்களாம். எழுத்துல வந்தா தரேன்றாரு."

"தாசில்தார் கேம்ப்ல இருக்கார். ரெண்டு தந்தி கொடுத்துட்டேன். பதில் இல்ல."

"அவரு வர்ற வரைக்கும் ஆறு நிக்குமா பா? நீ ஒண்ணு பண்ணு. தாசில்தார் போன்ல சொன்னாருன்னு ஒரு தாள்ல எழுதி முத்திரை குத்து. நான் எடுத்துக்கினு போறேன்."

"அவர் சொல்லலையே."

"வந்தா சொல்லத்தான் போறாருபா. இதுக்கு வேணாம்னா சொல்லுவாரு?"

"அப்போ அவர் வந்ததும் எழுதறேன்."

எத்திராஜ் என்னைப் பார்த்தபடி நின்றான். அவன் முடியிலிருந்து ஒரு சொட்டு பதிவேட்டின் மேல் விழுந்தது. நான் பதிவேட்டை நகர்த்தி வைத்தேன்.

"உங்கம்மா அங்கதான் இருக்குது," என்றான்.

"தெரியும்."

அவன் படியிறங்கிப் போனான். சைக்கிள் சத்தம் கேட்டது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். எங்கள் தெருவில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதுவும் தற்காலிக வேலை. எனக்கு முன்னால் அந்த ஆபீசுக்கு வந்த எங்கள் ஆள் ஒருவரை, தேதி மாற்றி எழுதினார் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எத்திராஜின் தாய்மாமன் பஞ்சாயத்து யூனியன் சேர்மன். சட்டத்தை மீறினால் தாங்கிப் பிடிக்க அவனுக்கு மாமா இருந்தார். எனக்குச் சட்டத்தைத் தவிர யாருமில்லை. இது முழுக்க உண்மை. ஆனால் முழு உண்மை இதுவல்ல. நான் பயந்தேன்.

4

எத்திராஜ் திரும்பிப் போய்க் காலனியில் ஒருவரிடம் கடப்பாறை வாங்கிப் பள்ளிக்கூடத்துப் பூட்டை உடைத்தான். எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றினான். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் கிடந்த என் அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தான். உச்சிப் பொழுதுக்குள் ஆறு காலனிக்குள் புகுந்தது. சுவர்கள் கரைந்தன, ஓர் உயிரும் போகவில்லை.

இதெல்லாம் எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். அப்போது காஞ்சிபுரம் டவுனில், பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறையில் குடியிருந்தேன். அந்தத் தெருவிலும் தறிக்குழிகளில் தண்ணீர் நின்றது. நெசவாளர்கள் தறியின் பாவு நூலை அவிழ்த்துப் பரண்மேல் ஏற்றிவிட்டு, குடத்தால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் நுழைந்தேன்.

"ஓரிக்கையில நம்ம ஆர்.ஐ. எத்திராஜு பூட்ட உடைச்சி ஜனங்கள ஏத்திட்டாராம்பா," என்று கடைக்காரர் சொன்னார். "ஆம்பளன்னா அவன்தான் ஆம்பள."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா பிழைத்தாள் என்று தெரிந்த அதே நிமிஷத்தில் எனக்குப் பொறாமை வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எத்திராஜுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மாமா ஜீப்பில் வந்து போனார். மெமோ பாராட்டுக் கடிதமாக மாறியது. தாசில்தார் என் பதிவேட்டையும் பார்த்தார். தந்திகளின் நேரம் நிமிஷக் கணக்கில் குறித்திருந்தது. "பதிவுன்னா இப்படித்தான் இருக்கணும்," என்று மற்றவர்களிடம் காட்டினார். என் வேலை நிரந்தரமானது.

பிறகு அம்மா தொடங்கினாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கதைதான். "எத்திராஜு தம்பி இருக்குதே, ஊர்க்காரப் புள்ள, என்னைத் தோள்மேல தூக்கிக்கினு வந்துச்சுபா. ஒரு வார்த்த மொகம் சுளிக்கல." முன்பு அவனைச் 'சாமி' என்று அழைத்தவள் இப்போது 'தம்பி' என்றாள். என் கல்யாணப் பந்தியில் அவனைத் தலைவாழை இலையில் முதலில் உட்கார வைத்தாள். அப்போதும் அந்தக் கதை. நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவன் என் அம்மாவைத் தொட்டதே சாதனை. நான் தூக்கியிருந்தால் அது மகனின் கடமை, யாரும் இரண்டாம் தடவை பேசியிருக்க மாட்டார்கள். இதை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரியும்.

அவன் தன் பெருமையைப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் பேசவில்லை. அன்று ஆபீசுக்கு வந்து என்னைக் கேட்டதையும், நான் மறுத்ததையும் அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் வெள்ளத்தில் டவுனில் மாட்டிக்கொண்டேன் என்றே எல்லாரும் நம்பினார்கள். ஆபீசில் என்னைப் பார்த்தால், "என்னா சாமுவேலு, டீ குடிக்கப் போலாமா?" என்பான், ஒன்றும் நடக்காததுபோல. பூட்டை உடைத்ததைக்கூட மன்னித்திருப்பேன். வாயைத் திறக்காமல் இருந்தானே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கிரேஸுக்குக் கனடாவிலிருந்து வேலை உத்தரவு வந்தபோது எல்லாரும் நான் தயங்குவேன் என்று நினைத்தார்கள். நான் அன்றைக்கே பெட்டி வாங்கினேன். குளிர், பாஷை, தனிமை எதையும் யோசிக்கவில்லை. எத்திராஜ் இல்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது போதுமாக இருந்தது.

5

இந்த வருஷம் ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆற்றின் மறுகரையில் இந்த நாட்டுப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம் இருக்கிறது. ரிசர்வ் என்பார்கள். தாழ்ந்த கரை. எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட இடத்தைத் தாழ்வான கரையில்தான் ஒதுக்குவார்கள்போல. அந்த நிலம் ஊருக்கும் சேர்ந்ததல்ல, மாகாணத்துக்கும் சேர்ந்ததல்ல. நேராக மத்திய அரசின் பொறுப்பு. பாலத்தின் நடுவோடு ஊரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது.

பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை. வளைவில் பனி அடைத்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு மறுகரையிலிருந்து ரோஸ் என்ற பெண் போன் செய்தாள். அவர்கள் ஆபீசில் அவள் எழுத்தர், என்னைப் போல. இரண்டு சாலையில் ஒன்று போய்விட்டது, கிழவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள், ஊரின் பள்ளிப் பேருந்துகளை அனுப்புங்கள் என்றாள். நான் கமிட்டியிடம் சொன்னேன்.

மாகாணத்திலிருந்து வந்திருந்த இளைஞர் தலையைச் சொறிந்தார். "அது மத்திய அரசின் நிலம். அவர்கள் நம்மைக் கேட்க வேண்டும். பேருந்து கவிழ்ந்தால் யார் பொறுப்பு?" மத்திய அரசின் அதிகாரிக்குப் போன் போட்டோம். விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வால்ட்டர், "எப்படியாவது அவரைப் பிடியுங்கள், கொஞ்சம் பொறுப்போம்," என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. பொறுங்கள் என்றார்கள். அது நான் சொல்லிப் பழகிய சொல்.

கரையில் மணல் மூட்டை அடுக்குவதைப் பார்க்க அவர்கள் கிளம்பினார்கள். நான் தனியாக இருந்தேன். மறுபடி ரோஸ்.

"தண்ணீர் சர்ச் படிக்கு வந்துவிட்டது. பேருந்து கிளம்பியதா?"

"அதிகாரியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்."

"நீங்கள் யார் பேசுவது?"

"கிளார்க்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "கிளார்க்கிடம் பேசி என்ன செய்ய? முடிவெடுக்கக்கூடிய யாரிடமாவது கொடுங்கள்."

கருணையால் செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நிமிஷம் என் கண்முன் வந்தது அந்தக் கிழவர்களும் குழந்தைகளும் அல்ல. மழையில் நனைந்த எத்திராஜின் முகம். அவனால் முடிந்தது எனக்கு ஏன் முடியாது என்ற எரிச்சல்தான் என்னை எழுப்பியது. பொறாமையால்தான் செய்தேன்.

பேருந்துக் கொட்டகையின் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். மறுகரைக்கு மூன்று பேருந்து, உடனே என்றேன்.

"யார் உத்தரவு?"

"என் உத்தரவு. சாமுவேல், டவுன் ஆபீஸ்."

"எழுத்தில் வேண்டும்."

"எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வண்டியைக் கிளப்புங்கள்."

உண்மையிலேயே எழுதினேன். தேதி, நேரம், காரணம், கீழே என் பெயர். என் வாழ்க்கையில் யாருடைய உத்தரவும் இல்லாமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது. பெயர் கோணலாக விழுந்தது.

வால்ட்டர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். "எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். முதல் இரண்டு வண்டி நிறைய வந்துவிட்டது என்றேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் சொன்னதாகக் குறிப்பில் எழுது சாம்."

"ஆனால் நான்தான்..."

"தெரியும். ஏதாவது தப்பாகப் போனால் உன்னை நாளைக்கே அனுப்பிவிடுவார்கள். என்னை அனுப்ப அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும்."

அப்படியே எழுதினேன். எல்லாரும் ஊருக்குள் வந்து, பனிச்சறுக்கு அரங்கில் தங்கினார்கள். செவ்வாய்க்கிழமை மத்திய அரசின் சம்மதமும் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் அரங்கின் வாசலில் வால்ட்டர் ரோஸுக்குக் கைகொடுக்கும் படம் போட்டார்கள். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அந்தக் கை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் புகைந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அந்த நடவடிக்கைக் குறிப்பைச் சுத்தப் பிரதி எடுக்கும்போது அந்த வாக்கியத்தில் கை நின்றுவிட்டது. 'நான் சொன்னதாக எழுது.' எத்திராஜ் அன்று என்னிடம் கேட்டதும் இதைத்தான். பொறுப்பைத் தாங்க மேலே ஒரு பெயர். வால்ட்டர் அதை நான் கேட்காமலே கொடுத்தார். எத்திராஜ் கேட்டும் நான் கொடுக்கவில்லை.

6

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பில் வால்ட்டர் என்று எழுதியாகிவிட்டது. ஆபீஸ் பதிவு ஒன்றாகவும் வீட்டுப் பேச்சு வேறாகவும் இருக்கக்கூடாது என்பது என் பழக்கம். அல்லது பிடிவாதம்.

மே மாதம் எஸ்தரின் பள்ளியில் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசினார்கள். தலைப்பு, வெள்ளத்தில் உதவிய ஒருவர். பெற்றோரும் வந்திருந்தோம். சில பிள்ளைகள் வால்ட்டரைப் பற்றிப் பேசினார்கள். சிலர் மணல் மூட்டை கட்டிய தங்கள் அப்பாவைப் பற்றி. எஸ்தர் எழுந்து, "ஈத்தி ராஜ்," என்று தொடங்கினாள். எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. ஆறு, பூட்டிய பள்ளிக்கூடம், தோளில் பாட்டி. கிரேஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். எஸ்தர் அழகாகவே பேசினாள். ஒரு பையன் கை தூக்கி, "அப்போது உன் அப்பா எங்கே இருந்தார்?" என்று கேட்டான்.

"ஆபீசில்," என்றாள் எஸ்தர். "அவர் கிளார்க்."

எல்லாரும் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார்கள். நான் திரும்பப் புன்னகைக்க வேண்டியிருந்தது.

வழக்கமாக அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். அன்று காரில் வீட்டுக்கு வரும் வழியில் என்னைச் சந்தோஷப்படுத்தத் தமிழில் பேசினாள். "எத்திராஜ் மாமா பூட்டு உடைஞ்சாரு, இல்லப்பா?"

"உடைஞ்சாரு இல்லம்மா. உடைச்சாரு. பூட்டுதான் உடைஞ்சது."

"ஓ," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று பேருந்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அன்று ஆபீசில் நடந்ததையும் சொல்ல நினைத்தேன். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அதனால் இலக்கணத்தை மட்டும் திருத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.

7

இதுவரை எழுதியதை நேற்று ஆராதனை முடிந்து வந்து கிரேஸிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒரு தாளையும் விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இது அத்தைக்குத் தெரியுங்க," என்றாள்.

"எது?"

"எத்திராஜ் அண்ணன் உங்ககிட்ட வந்து கேட்டது. நீங்க மாட்டேன்னது."

"அவன் சொன்னானா?"

"அவரு சொல்லல. சைக்கிள எடுத்துக்கினு டவுனுக்குப் போறத அத்தை பார்த்தாங்க. வெறுங்கையோட திரும்பி வந்து கடப்பாறை கேட்டதையும் பார்த்தாங்க. டவுன்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"எஸ்தர் பொறந்தப்போ எங்கூட இருந்தாங்களே, அப்போ சொன்னாங்க," என்றாள் கிரேஸ். "அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்த மூணு நாளும் ஜனங்க கேட்டுக்கினே இருந்தாங்களாம். உம்புள்ள ஆபீஸ்லதான இருக்கான், ஏன் ஒரு சேதிகூட அனுப்பலன்னு. அப்போதான் அத்தை ஆரம்பிச்சாங்களாம், எத்திராஜு தம்பி தூக்கிக்கினு வந்த கதைய. 'அவன் பேச்சு ஓடிக்கினு இருக்கிற வரைக்கும் எம்புள்ள பேச்ச எவளும் எடுக்கமாட்டா கிரேஸு'ன்னாங்க. என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாங்க."

கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, அந்த வெள்ளத்தப்போ நீ..." என்று இழுத்ததும், அம்மா குறுக்கே வந்து எத்திராஜின் இலையைக் காட்டிப் பேசத் தொடங்கியதும். நான் கோபித்துக்கொண்டு வெளியே போனதும். அவள் என்மேல் போர்வை போர்த்திக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் மூச்சு முட்டுகிறது என்று உதறிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. அவங்க தவறிப்போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கி நீங்களே எழுதிட்டீங்க. இனிமே மறைக்க என்னா இருக்குது?"

கொஞ்ச நேரம் கழித்து எஸ்தரைக் கூப்பிட்டேன். நானும் ஆபீசில் இருந்ததையும், எத்திராஜ் வந்து கேட்டதையும், நான் என்ன சொன்னேன் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். "தண்ணிக்குப் பயந்தியாப்பா?" என்று கேட்டாள். தண்ணீருக்கு இல்லை, காகிதத்துக்கு என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காத ஊரில் அவள் வளர்வது நல்லதுதான். பிறகு பேருந்துக் கதையையும் சொன்னேன்.

மார்த்தா, எத்திராஜ்மேல் எனக்கு இன்னும் பொறாமை இருக்கிறது. தாசில்தார் ஆனதற்கும் சேர்த்து. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் இந்த மூன்று வரியை மட்டும் விழாவில் யாராவது சத்தமாகப் படிக்கட்டும்.

அன்று பள்ளிக்கூடத்தில் என் அம்மாவிடம், உன் பிள்ளை எங்கே என்று கேட்டவர்களில் சிலராவது இன்னும் அங்கே இருப்பீர்கள். அவள் சொல்லாமல் போன பதில் இது: நான் தாலுகா ஆபீசில், ஈரம் படாத சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இனி என்னை மறைப்பதற்காக எத்திராஜைப் புகழ வேண்டியதில்லை, அவனுக்காகவே புகழுங்கள்.